யவனர் நடத்திய பானகோஷ்டி

மதுவருந்துவதற்கென்றே ஒரு தர்மசாஸ்திரத்தை வகுத்துக்கொண்ட ஜனங்கள் உலகில் உண்டென்றால், அவர்கள் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்தில் வாழ்ந்த கனவான்களே என்று தயக்கமின்றிச் சொல்லலாம். அந்தச் சாஸ்திரத்தை அவர்களைப்போல் உற்சாகமாக மீறியவர்களும் வேறெவருமில்லை என்பதை உடனே சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சிம்போசியம் என்று அவர்கள் வழங்கிய இந்தக் கோஷ்டி, இராப்போஜனம் முடிந்து, மேஜைகளை அப்புறப்படுத்தி, கைகழுவி, சிரசில் மாலை சூடி, தேவதைகளுக்கு முதல் துளிகளை நிவேதனம் செய்த பிறகே ஆரம்பமாகும். ஆடவருக்கென்று ஒதுக்கிய அறையில், சுவரோரமாகப் போட்ட மஞ்சங்களில் இருவர் இருவராக, இடது முழங்கையைத் திண்டில் ஊன்றிச் சாய்ந்திருப்பார்கள். குடும்ப ஸ்திரீகளுக்கு அங்கே பிரவேசமில்லை. குழலூதும் பெண்களுக்கு உண்டு. (இந்த ஏற்பாடு யாருடைய சௌகரியத்தை உத்தேசித்தது என்று விளக்க வேண்டியதில்லை.) நடுவே கிராட்டர் என்னும் அகன்ற பாத்திரத்தில் ஒரு பங்கு திராட்சை மதுவுக்கு மூன்று பங்கு ஜலம், அல்லது இரண்டுக்கு ஐந்து என்று கலந்து வைத்திருப்பார்கள்; எந்த விகிதம், எத்தனை கிண்ணம் என்று ஆக்ஞையிட ஒரு தலைவரும் இருப்பார். தண்ணீர் கலக்காமல் குடிப்பது மிலேச்சர் வழக்கம். ஸ்பார்ட்டாவின் அரசன் கிளியோமினிஸ் சித்தம் கலங்கி மாண்டதற்கு, சிதியத் தூதர்களோடு பழகித் தனி மது குடிக்கக் கற்றுக்கொண்டதே காரணம் என்று அவன் குடிமக்களே சொன்னதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

ருசி பார்ப்பதிலும் அவர்கள் சளைத்தவர்களல்லர். மதுவில் ஊதாப்பூவும் ரோஜாவும் மணக்கிறதென்று இன்றைய ரசிகர் கண்மூடிச் சொல்வது நவநாகரிகத்தின் விபரீதம் என்று நினைப்பவர்கள், ஹெர்மிப்பஸ் என்ற ஹாஸ்ய நாடகாசிரியர் அந்தக் காலத்திலேயே பழம் மதுவுக்கு அதே புஷ்பங்களையும், தாசோஸ் தீவின் மதுவுக்கு ஆப்பிளின் வாசனையையும் சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தாசோஸ் தீவாரோ, தங்கள் கப்பல்கள் அயலூர் மதுவை ஏற்றிவரக் கூடாதென்று கல்லில் சட்டம் வெட்டி வைத்தவர்கள். ஆனால் அவர்களுடைய நகர மண்டபத்தில் வழங்கிய மதுவின் இனிமைக்கு, தேனில் பிசைந்த மாவை ஜாடிக்குள் போட்டு வைத்ததுதான் காரணமென்று தியோபிராஸ்டஸ் ரகசியத்தை உடைத்துவிடுகிறார்! கோஸ் தீவின் மதுவிலோ கடல் நீரையே சேர்ப்பார்கள். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த மது ஜாடிகளில் பல கோஸ் மாதிரியானவை என்பதால், நம் கரையோர வாசிகள் சிலரும் அந்த உப்புச் சுவையைச் சிலாகித்திருக்கக்கூடும்.

சாஸ்திரம் கலைகிற அழகைப் பார்க்கப் பிளேட்டோ 'சிம்போசியம்' என்ற பெயரிலேயே எழுதிய நூல் போதும். கி.மு. 416-இல் தன் சோக நாடகத்துக்குப் பரிசு பெற்ற அகத்தான் வீட்டில் நண்பர்கள் கூடுகிறார்கள். முந்தின இரவின் குடியே இன்னும் தலையைவிட்டு இறங்காத நிலையில், வைத்தியர் எரிக்ஸிமாக்கஸின் ஹிதோபதேசப்படி, இன்று அவரவர் இஷ்டம்போல் குடிப்பது, குழலூதுகிறவளை அனுப்பிவிடுவது, காதலைப் பற்றிப் பிரசங்கம் செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானமாகிறது. ஹாஸ்ய நாடகாசிரியர் அரிஸ்டோபேனிஸின் முறை வந்ததும் அவருக்கு விக்கல் எடுத்துவிடுகிறது. மூச்சை அடக்கு, தண்ணீர் கொப்பளி, அதற்கும் நிற்காவிட்டால் மூக்கைச் சீண்டித் தும்மு என்று வைத்தியர் சிகிச்சை சொல்லிவிட்டு, அவருக்குப் பதிலாகத் தாமே பேசத் தொடங்குகிறார்; கம்பீரமான அந்தத் தத்துவ உபந்நியாசத்தினூடே பக்கத்து மஞ்சத்தில் நடந்திருக்கக்கூடிய விக்கலையும் தும்மலையும் மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பதே சரியான படிப்பு என்பது என் அபிப்பிராயம். பிறகு ஏதென்ஸின் அரசியல் தலைவன் அல்கிபியாடிஸ் பூமாலை தலையில் சரிய உள்ளே நுழைந்து, தன்னைத்தானே தலைவனாக நியமித்துக்கொண்டு, இரண்டு லிட்டருக்கு மேல் கொள்ளும் குளிர்ப்பாத்திரத்தையே கிண்ணமாக்கிக் குடித்து முடிக்க, தீர்மானம் காற்றில் போயிற்று.

பேச்சு சலித்தால் கொட்டபாஸ் ஆடுவார்கள்: கிண்ணத்தின் காதில் விரலைக் கோத்து, படுத்தபடியே சுழற்றி, அடிமண்டியை உயரத் தண்டின்மேலிருக்கும் தட்டில் படும்படி வீசி, காதலுக்குரியவரின் பெயரைச் சொல்வது. கி.மு. 404-இல் கிரிட்டியாஸ் என்ற கொடுங்கோலன் விதித்த விஷத்தைக் குடித்த தெராமினிஸ், எஞ்சிய சொட்டுகளை அதே பாணியில் வீசி, அழகன் கிரிட்டியாஸுக்கு இது என்றானாம்.

மூன்று கிராட்டருக்குமேல் கலக்காதே, நான்காவதிலிருந்து விபரீதம் படிப்படியாக ஏறிப் பத்தாவதில் பைத்தியமாகிப் பொருள்களை வீசுவதில் முடியும் என்று யூபுலஸ் தம் நாடகத்தில் மதுத் தெய்வத்தின் வாயாலேயே எச்சரித்திருக்கிறார். ஸிஸிலியின் அக்ரகாஸ் நகரில் ஒரு வீட்டுக்குக் 'கப்பல்' என்ற பெயர் வந்த கதையை, திமேயஸ் என்ற சரித்திராசிரியர் சொன்னதாக அதினேயஸ் தருகிறார். அங்கே குடித்த வாலிபர்கள், தாங்கள் புயலில் சிக்கிய கப்பலில் இருப்பதாகவே நம்பி, மாலுமியின் கட்டளையென்று கட்டில் மெத்தை சகலத்தையும் வீதியில் எறிய, கூடிய ஜனங்கள் அவற்றைச் சந்தோஷமாகச் சுமந்துகொண்டு போனார்கள். மறுநாள் விசாரணைக்கு நகரத் தளபதிகள் வந்தபோதும் இவர்களுக்குக் கடல்மயக்கம் தெளியவில்லை. பாரம் குறைத்தால்தான் பிழைப்போம் என்று எறிந்தோம் என்றார்கள். அவர்களில் மூத்தவனோ, பயத்தால் தான் கப்பலின் அடித்தட்டில் படுத்திருந்ததாகச் சொல்லி, அதிகாரிகளைச் சமுத்திர தேவர்களே என்று விளித்தான். தளபதிகள் மன்னித்து, இனிமேல் அளவோடு குடியுங்கள் என்று புத்தி சொன்னார்கள்; வாலிபர்களும் பரம நன்றியோடு, துறைமுகம் சேர்ந்த மறுகணமே மற்றக் கடல் தெய்வங்களின் வரிசையில் அவர்களுக்கும் சிலை நாட்டுவதாக வாக்களித்தார்கள்.