மூல நட்சத்திரத்துக்குச் சற்று மேலே: ஊட்டி முதல் ஹான்லே வரை ஒரு தேடல்

ஜூலை மாசம், ராத்திரி பத்து மணி. கடலூர் வெள்ளிக் கடற்கரையில் நின்னு தெற்கே பாருங்க. விருச்சிகத்தின் கொடுக்கு தெரியும், அதுதான் மூலம். அதற்குச் சற்று மேலே, கண்ணுக்கு எதுவும் தெரியாத ஒரு திசையில், சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் நம்ம பால்வீதியின் மையம் இருக்கிறது. மார்கழி பிறந்து இரண்டு மூன்று நாளில் சூரியனே அந்தத் திசையைக் கடக்கும். அதனால் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்கு விடிய விடியக் காத்திருப்பவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

கரும்பொருள் அதிகமாகக் குவிந்திருக்க வேண்டிய இடம் அந்த மையம். கரும்பொருள் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தால் காமா கதிர் வரலாம் என்பது கணக்கு. காமா கதிருக்கு மின்னூட்டம் கிடையாது, காந்தப்புலத்தில் வளையாது. வந்த வழியைப் பிடிச்சுப் போனா பிறந்த இடம் தெரிஞ்சிடும்.

ஆனா அது தரைக்கு வந்து சேராது. காற்றில் மோதித் துகள் மழையாகச் சிதறும். அப்போது சில நானோ நொடிகளுக்கு ஒரு நீல ஒளி மின்னும். அதுதான் செரன்கோவ் ஒளி. இந்தியாவில் இந்த ஒளியை வைத்துக் காமா கதிர் தேடும் வேலை தொடங்கியது நம்ம ஊட்டியில், 1969-ல். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தேடுவிளக்குக் கண்ணாடிகளை வானத்தை நோக்கி வைத்தார்கள். 1968-ல்தான் பல்சார் பற்றிய அறிவிப்பு வந்திருந்தது. இவர்கள் தேடியதும் பல்சாரைத்தான். உறுதியான முதல் மூலமாக நண்டு நெபுலா பிடிபட 1989 ஆயிற்று, அதுவும் அமெரிக்காவின் விப்பிள் தொலைநோக்கியில். ஊட்டிக் குழு அதற்குள் பச்மரிக்குப் போய்விட்டது. பிறகு லடாக்கின் ஹான்லே. அங்கேதான் 2024 அக்டோபரில் 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி திறக்கப்பட்டது. கரும்பொருள் தேடலும் அதன் நோக்கங்களில் ஒன்று.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. சிதம்பரமும் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 11.4 பாகை. இங்கிருந்து பால்வீதி மையம் அடிவானத்துக்கு மேல் 49 பாகை வரை ஏறும். ஹான்லேயில் 28 பாகைதான். அப்படீன்னா ஊட்டியை ஏன் விட்டாங்க? மையம் நள்ளிரவில் உச்சியில் இருப்பது ஜூன், ஜூலையில். அப்போது ஊட்டி தென்மேற்குப் பருவமழை மேகத்துக்குள் கிடக்கும். ஹான்லேயில் வானம் தெளிவு, உயரம் 4,200 மீட்டருக்கு மேல்.

இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி நமீபியா. அங்குள்ள ஹெஸ் தொலைநோக்கிகளுக்கு மையம் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வரும். பத்தாண்டுகளில் சேர்த்த 254 மணி நேரத் தரவை 2016-ல் அலசினார்கள். கரும்பொருளின் தடம் இல்லை.

ஆனா வானத்தில் ஒரு தடம் கிடைச்சிருக்கு. 2008-ல் ஏவப்பட்ட ஃபெர்மி செயற்கைக்கோளின் தரவில், மையத்திலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காமா கதிர் வருவதை 2009-ல் குட்இனஃப், ஹூப்பர் இருவரும் சுட்டிக்காட்டினார்கள். சில ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் அது உச்சம் தொடுகிறது. தரைத் தொலைநோக்கிகளுக்கு எட்டாத சின்ன ஆற்றல் அது. கரும்பொருள்தான் என்கிறது ஒரு கட்சி. இல்லை, தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாத ஆயிரக்கணக்கான மில்லிநொடி பல்சார்கள் என்கிறது இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் தீரவில்லை.

குறிப்பெடுக்கும்போது என்னை நிறுத்தியது இதுதான். கரும்பொருள் என்று சொல்ல விடாமல் குறுக்கே நிற்பது பல்சார். அரை நூற்றாண்டுக்கு முன் ஊட்டிக் குளிரில் தேடுவிளக்குக் கண்ணாடிகளோடு காத்திருந்தவர்கள் தேடியதும் அதே பல்சார்தான். அதன் கணக்கை முழுசா முடிக்காமல் கரும்பொருளின் கணக்கைத் தொடங்க முடியாது. பழைய வேலை எதுவும் வீண் போறதில்லீங்க.