காத்திருக்க வைக்கப்பட்ட எதிரொலி

அனுப்பிய வானொலித் துடிப்பு இலக்கின்மீது பட்டுத் திரும்பிவர எடுத்துக்கொள்ளும் நேரமே ரேடாருக்குத் தூரமாகிறது. நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கான ஒரு மைக்ரோ விநாடி தாமதித்து வந்தால் இலக்கு 150 மீட்டரில் இருக்கிறது; 10 கிலோமீட்டருக்கு அத்தாமதம் ஏறத்தாழ 67 மைக்ரோ விநாடி. ஆகவே துடிப்பை எங்கேனும் அந்த அளவு நேரம் நிறுத்திவைத்துப் பின்னர் ஏற்பியிடம் சேர்த்துவிட்டால், வானத்தில் விமானம் ஏதும் இல்லாமலேயே திரையில் ஓர் இலக்கு தோன்றிவிடும். ரேடாரைச் சோதிக்கவும், அதை இயக்குவோரைப் பழக்கவும் இந்த உத்தியே அடித்தளமாயிற்று. ஒளியின் வேகத்தில் ஓடும் ஒன்றைத் தங்கவைக்கத் தக்க பொருளைத் தேடியதே இதன் வரலாறு.

நீண்ட கேபிளைச் சுற்றிவைப்பதே முதலில் எவருக்கும் தோன்றும் வழி. ஆனால் கேபிளில் குறிகை ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் செல்வதால், 10 கிலோமீட்டர் இலக்குக்கு 13 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கேபிள் தேவைப்படும். மறுமுனையை எட்டுவதற்குள் குறிகை தேய்ந்து இரைச்சலில் கரைந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க்காலப் பொறியாளர்கள் இதற்குக் கண்ட விடை ஒலி.

நீரில் ஒலியின் வேகம் வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. இந்த விகிதத்தைக் கொண்டே பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிலையம் பயிற்சித் தொட்டிகளை உருவாக்கியது. செயற்கைப் பயிற்சிக் கருவிகளை வடிவமைத்த குழுவுக்கு அங்கே தலைமை தாங்கியவர், பின்னாளில் ஒருங்கிணைந்த சுற்று என்னும் கருத்தை 1952இல் முன்வைத்த ஜெஃப்ரி டம்மர். 1943 ஜனவரி இறுதியில் முதன்முதலாகப் போரில் இறக்கப்பட்ட எச்2எஸ் ரேடார், குண்டுவீச்சு விமானத்திலிருந்து கீழே உள்ள நிலத்தைத் திரையில் வரைந்து காட்டியது. அந்தப் படத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு அதனால் பயனில்லை. தொட்டியின் அடியில் நிலவரைபடமாக ஒரு கண்ணாடித் தகடு கிடக்கும்: வழுவழுப்பான கண்ணாடி கடலாகவும், ஒட்டப்பட்ட மணல் தரையாகவும், இன்னும் பருத்த துகள்கள் ஊர்களாகவும் எதிரொலிக்கும். விமானத்தின் இடத்தில் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் நீருக்குள் சுழன்று, மின்துடிப்பை ஒலியாக்கி அனுப்பித் திரும்பியதை மீண்டும் மின்சாரமாக்கும். 6 கிலோமீட்டர் உயரம் அங்கே மூன்று சென்டிமீட்டர். மேட்டின் மறுபுறம் நிழல் விழுவது உட்பட, கணக்குப் போட்டு உருவாக்க அன்று வழியில்லாத நுட்பங்களை நீரே தானாகச் செய்துகொடுத்தது என்பதில்தான் அக்கருவியின் மேன்மை இருக்கிறது.

அதே காலத்தில் அமெரிக்காவில் பாதரசம் பயன்பாட்டுக்கு வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில் பிரெஸ்பர் எக்கர்ட் மேம்படுத்திய பாதரசத் தாமதக் குழாயில், ஒருமுனைப் படிகம் எழுப்பும் ஒலி மறுமுனைப் படிகத்தை அடையும்வரை குறிகை காத்திருந்தது. பத்து சென்டிமீட்டர் நீளமே சுமார் 69 மைக்ரோ விநாடியைத் தரும். ஒலி கடப்பதற்குக் காட்டும் எதிர்ப்பில் பாதரசம் குவார்ட்ஸை மிக நெருங்கி நிற்பதால், எல்லையில் ஒலி திரும்பித் தெறித்துப் போலி எதிரொலிகளை எழுப்புவது குறைந்தது. வெப்பநிலை மாறினால் வேகமும் மாறும் என்பதால் குழாயைச் சீரான வெம்மையில் காக்க வேண்டியிருந்தது. குறிகையை இவ்வாறு தேக்கிவைக்கும் குழாய் எண்களையும் தேக்கும் என்று எக்கர்ட் உணர்ந்ததிலிருந்தே, 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் போன்ற தொடக்கக் கணினிகளின் நினைவகம் பிறந்தது.

1970இல் இழப்புக் குறைந்த ஒளியிழை உருவானபின் கேபிள் வழி புத்துயிர் பெற்றது. ரேடார் குறிகையை லேசர் ஒளியில் ஏற்றி அனுப்பினால், ஒரு கிலோமீட்டர் இழை ஐந்து மைக்ரோ விநாடிக்குச் சற்றே குறைவான தாமதத்தைத் தந்து, ஏறத்தாழ 735 மீட்டர் தொலைவில் ஓர் இலக்கை நிறுத்துகிறது. இதன் பின் வந்த எண்முறை நினைவகம், குறிகையை எண்களாக மாற்றிச் சேமித்து வேண்டிய நேரத்தில் வெளியிடுவதோடு, நகரும் இலக்கின் அதிர்வெண் மாற்றமான டாப்ளர் விளைவையும் சேர்த்துத் தர வல்லது. ஆயினும் எண்களாக்கும்போது நேரும் சிறு பிழைகள் குறிகையில் கலந்துவிடுவதால், ரேடாரின் தூய்மையையே சோதிக்க வேண்டிய இடங்களில் உருளையில் சுற்றிய ஒளியிழை இன்றும் பயன்பட்டு வருகிறது.