கலத்தை அளக்கும் கடல்வழி

பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி நிற்கிறது. தாமிரபரணியின் வண்டல் துறையைத் தூர்த்தது. வணிகம் பழையகாயலுக்கும் பிறகு தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. தூத்துக்குடியிலும் கரையோரம் ஆழமில்லை. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட, தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கின. பாய் விரித்த அந்த மரக்கலங்கள் குறைந்த நீரிலும் மிதந்தன. கலத்தின் வடிவத்தை வழியே முடிவு செய்கிறது என்பதற்கு இந்தக் கரையைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கப்பல் கால்வாய் தோண்டும் சேதுசமுத்திரத் திட்டம் இந்த முறையைத் தலைகீழாக்கி, கப்பலுக்கு ஏற்ப வழியை அமைக்கப் பார்த்தது. 2005இல் தூர்வாரத் தொடங்கிப் பாதியில் நின்ற அந்தக் கால்வாய்க்குத் திட்டமிட்ட ஆழம் 12 மீட்டர். நீரில் 10 மீட்டர் வரை அமிழும் கப்பல்களே அதில் போயிருக்க முடியும். எரிவாயுக் கப்பலை எடுத்துக்கொள்வோம். திரவ இயற்கை எரிவாயு அதே அளவு தண்ணீரின் எடையில் பாதிகூட இல்லை. அதனால் அதைச் சுமக்கும் பெருங்கப்பல் எவ்வளவு பருத்திருந்தாலும் ஏறத்தாழ பதினொன்றரை மீட்டரே அமிழ்கிறது. அதுவும் இந்தக் கால்வாயில் நுழைந்திருக்க முடியாது. பனாமா கால்வாயில் இந்தக் கப்பல்களுக்குச் சிக்கல் ஆழமல்ல, அகலம்: பழைய மதகுகளில் 32.3 மீட்டருக்கு மேல் அகன்ற கப்பல் போக முடியாது. 2016இல் 55 மீட்டர் அகலப் புதிய மதகுகள் திறந்தபின், ஏறத்தாழ 46 மீட்டர் அகலமும் 1,74,000 கனமீட்டர் கொள்ளளவும் உள்ள எரிவாயுக் கப்பல் வழக்கமாயிற்று.

பனாமா வழியை அகட்டியதே, சேதுவை ஏன் ஆழப்படுத்தக் கூடாது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கான்கிரீட் மதகு கட்டிய அளவிலேயே நிற்கும். பாக் நீரிணையின் மணல் தோண்டிய இடத்தையே மீண்டும் நிரப்பும். அருகே மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளும் மீனவர் பிழைப்பும் இருக்கின்றன. வழிக்கு ஏற்பச் சிறு கப்பல் கட்டினால் கொள்ளளவு குறையும், செலவு கூடும்; அந்த இழப்பை ஏற்பதே இங்கு சரி.