குடிமராமத்து: ஏரியைக் காத்த ஊர் ஏற்பாடு

ஏரிப் பாசன ஊர்களில் ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது ஏரி நீரில் பயிரிடுவோர், தாங்களே கூடி வாய்க்காலைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, மதகைச் சரிசெய்து வந்த வழக்கமே குடிமராமத்து. கோடையில் ஏரி வற்றிய பிறகு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை நடக்கும். சில ஊர்களில் வீட்டுக்கு ஓர் ஆள். சில ஊர்களில் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆள். வராதவர் தண்டம் கட்ட வேண்டும். அள்ளிய வண்டல் வயலுக்கு எருவானது.

இதற்கு முன்னோடியான ஏற்பாடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் காணலாம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அவற்றில் தெளிவானவை. குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பகுதிகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை மூலம் ஆட்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆண்டுக் குழுவான சம்வத்சர வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் 12 பேர் வீதமும், ஏரி வாரியத்துக்கு 6 பேரும் போயினர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். இதைக் கிராம ஜனநாயகம் என்று பாராட்டுவது பாதி உண்மைதான். உத்திரமேரூர் பிராமணர் குடியிருப்பு. அதன் சபையில் நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் இடமில்லை. வேளாண் குடிகளின் ஊர்களுக்கு ‘ஊர்’ என்ற தனி அவை இருந்தது.

சோழர் காலத்தில் ஏரிக்குத் தனி வருவாயும் இருந்தது. ஏரிப்பட்டி என்று விடப்பட்ட நிலத்தின் விளைச்சல் பராமரிப்புக்கே போயிற்று. ஓடம் வைத்து ஏரி மண் வாரவும் பொன் முதலீடு செய்யப்பட்டது.

ஏரி நீரின் அன்றாடப் பொறுப்பு நீர்க்கட்டி என்னும் ஊழியரிடம் இருந்தது. வட்டாரத்துக்கு வட்டாரம் நீர்பாய்ச்சி, மடையர் என்றும் அவரை அழைப்பர். எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் என்பதை அவரே பார்த்துக்கொண்டார். அடைமழையில் இரவெல்லாம் கரையில் காவல் இருப்பதும் அவர்தான். கூலி களத்தில் அளக்கும் நெல். பல ஊர்களில் இவர்கள் தாழ்த்தப்பட்ட சாதியினர். தம் நிலத்துக்குத் தண்ணீர் விடாதவர் என்பதால்தான் இவரை நம்பினார்கள் என்று சொல்வதுண்டு. தமக்கென்று நிலமே இல்லாதவர் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் ரயத்துவாரி முறை பரவியபோது அரசு ஒவ்வொரு உழவரிடமும் தனித்தனியே வரி வாங்கியது. ஊர் முழுவதும் சேர்ந்து பொறுப்பேற்கும் பழக்கம் தளர்ந்தது. ஏரிப் பராமரிப்புக்கென இருந்த மராமத்து மானியங்களும் சுருங்கின. 1850களில் உருவான பொதுப்பணித் துறை பெரிய வேலைகளை ஏற்றது. சிறு வேலைகளுக்கு 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் வந்தது. வழக்கப்படி உழைக்க வேண்டியவர் மறுத்தால் அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு கட்ட வேண்டும் என்றது. வரியை எடுத்துக்கொண்ட அரசு, உழைப்பை மட்டும் ஊரிடம் பழைய கணக்கில் கேட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. வேலை பெரிதாக நடக்கவில்லை.

விடுதலைக்குப் பின் ஜமீன்தார்களிடம் இருந்த ஏரிகளும் அரசின் கைக்கு வந்தன. ஏறத்தாழ 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ளவை பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் பிரிந்தன. பம்புசெட் கிணறுகள் பெருகியதும் வசதியான உழவர்களுக்கு ஏரியின் மீது அக்கறை குறைந்தது. அவர்களே ஊரைக் கூட்டக்கூடியவர்களாகவும் இருந்தது இழப்பை இரட்டிப்பாக்கியது.

1990களில் மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை போன்ற தொண்டு நிறுவனங்கள் பாசன உழவர்களை மீண்டும் சங்கங்களாகத் திரட்டின. ‘வயலகம்’ என்ற அச்சங்கங்களில் செலவின் ஒரு பங்கை உழவர்கள் பணமாகவோ உழைப்பாகவோ தந்தனர். 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கியது. பயன்பெறுவோர் 10 விழுக்காடு தர வேண்டும் என்பது ஏற்பாடு. வேலை பெரும்பாலும் பொக்லைன் இயந்திரங்களால் நடந்தது. ஏரியின் வருவாயான மீன் குத்தகையும் கரை மரங்களின் ஏலத் தொகையும் பெரும்பாலும் ஊராட்சிக்கோ அரசுத் துறைக்கோதான் போகின்றன.