உணவூட்டுக் குழாயும் தொற்றுத் தடுப்பும்

1979 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல் காடரர், ஜெப்ரி பான்ஸ்கி ஆகியோர், வயிற்றைத் திறக்காமல் அகநோக்கியின் உதவியால் ஒரு குழந்தையின் இரைப்பையில் உணவூட்டுக் குழாய் பொருத்தினர். விழுங்க இயலாத தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கும் இம்முறை பின்னர் பயன்பட்டது.

குழாய் வாய்வழியே இழுக்கப்பட்டதால், வாயிலுள்ள பாக்டீரியாக்கள் வயிற்றுத் துளையை அடைந்து சீழ் பிடிக்கச் செய்தன. வேதிச்சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு இது பேராபத்து. அரிதாகப் புற்றணுக்களும் அத்துளையில் பரவின.

1984 இல் ரசல் குழுவினர், வாயைத் தவிர்த்து வயிற்றுத் தோல் வழியே குழாயைச் செலுத்தும் முறையை வெளியிட்டனர். 1987 இல் வெளியான ஆய்வொன்றில், குழாய் பொருத்துமுன் ஒருமுறை செஃபசோலின் பெற்ற 27 பேரில் இருவருக்கே தொற்று ஏற்பட்டது; மருந்தற்ற ஊசி பெற்ற 28 பேரில் 9 பேருக்கு ஏற்பட்டது. முன்கூட்டியே ஒரு வேளை நுண்ணுயிர் எதிர்ப்பி தருவது அதன்பின் வழக்கமாயிற்று.