மண்டபம் முகாமும் 1918ஆம் ஆண்டுச் சளிச்சுரமும்

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் செல்லும் புகையிரதப் பாதையிலுள்ள சிறு நிலையங்களுள் ஒன்று தோட்டவெளி. பெயரில் தோட்டம் உண்டெனினும், அது மன்னார்த் தீவின் பனையும் மணலும் சார்ந்த ஊர். தேயிலைத் தோட்டத்துக்கும் அதற்கும் இருந்த உறவு தண்டவாளம் ஒன்றே. 1914ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கிய பின்னர், மலைநாட்டுக்குப் புறப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர் பெருந்தொகையினராய் இவ்வழியே சென்றனர்.

அதற்கு முன், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி அவர்கள் நடந்த காலம் மிகக் கொடியது. வாந்திபேதியும் பெரியம்மையும் அவர்களோடு கூடவே நடந்தன. ஆகவே நோயை அக்கரையிலேயே நிறுத்தக் கருதிய இலங்கை அரசு, இராமநாதபுரக் கரையில் மண்டபம் முகாமை நடத்தியது. தொழிலாளர் அங்கே சில நாட்கள் தங்கவைக்கப்பட்டனர், அம்மைப்பால் குத்தப்பட்டது, நோய்க்குறி கண்டவர் பிரிக்கப்பட்டனர். உயர்வகுப்புப் பயணிகளுக்கு இத்தனை கெடுபிடி இருந்ததில்லை. கிருமிக்கோ பயணச்சீட்டின் வகுப்புத் தெரியாது.

பெரியம்மைக்கு இக்காவல் பொருந்தியது. அந்நோய் உடலில் மறைந்திருக்கும் காலம் பெரும்பாலும் 10 முதல் 14 நாட்கள். முகாமில் தங்கிய நாட்களோ அதனிலும் குறைவு. எனினும் தொற்றிய சில நாட்களுக்குள் குத்திய அம்மைப்பாலும் நோயைத் தடுக்க வல்லது. மேலும், காய்ச்சலும் கொப்புளமும் தோன்றுமுன் அந்நோயாளி பிறருக்கு நோயைக் கொடுப்பது அரிது. முகத்தைப் பார்த்தே மருத்துவர் பிரித்துவிடலாம்.

1918ஆம் ஆண்டு சூன் மாதத்தில் பம்பாயில் தோன்றிய சளிச்சுரம் வேறு இயல்பினது. அதன் மறைகாலம் ஒன்று முதல் நான்கு நாட்களே. காய்ச்சல் தெரிவதற்கு ஒருநாள் முன்னரே அது பிறரைப் பற்றும். இலேசாகக் கண்டவரோ படுக்கையிலும் வீழார். இத்தகைய நோய் நெருக்கமான கொட்டகையுள் நுழைந்தால், தங்கும் நாட்களே பரவும் நாட்களாகிவிடும். இன்று ஒருவர் இருமினால் நாளை மறுநாள் அயலவர், அதன்பின் அவருக்கு அயலவர். முதல்வர் குணமாகும் வேளையில் மூன்றாமவர் நலமுள்ளவர் போலக் கப்பலேறுவார். தடுப்பூசியும் இல்லை. அக்காலத்து மருத்துவருட் பலர் ஒரு பாக்டீரியாவையே காரணமென நம்பினர்; மனிதரைப் பற்றும் சளிச்சுர வைரசு கண்டறியப்பட்டது 1933இல்.

அவ்வாண்டு ஒக்டோபர் முற்பகுதியில் இலங்கையின் வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே வேளையில் மரணம் உச்சமடைந்தது; நடுப்பகுதியில் 1919 மார்ச்சில். நோய் ஒரே வாயிலால் வந்திராது என்று கருத இது இடந்தருகிறது. மாண்டவர் தொகை ஏறத்தாழ 3,07,000 என்பது பிற்கால ஆய்வாளரின் மதிப்பீடு.

அப்படியாயின் காவலே வீணோ? பசிபிக் கடலில் அமெரிக்க சமோவா கடுங்காவலிட்டு, இந்நோயால் ஓர் உயிரையும் இழக்கவில்லை. அயலிலுள்ள மேற்குச் சமோவாவில், 1918 நவம்பரில் ஒரு கப்பலை அனுமதித்ததன் பயனாக ஐந்தில் ஒருவர் அளவில் மடிந்தனர். ஆனால் நாடோறும் ஆள் ஏற்றிய தலைமன்னார்த் துறையை அவ்வாறு அடைப்பது எளிதன்று. தோட்டங்கள் அதனை நம்பியிருந்தன.

2003இல் சார்சு நோய் அடங்கியதற்கு, நோய் முற்றிய பின்னரே அது மிகுதியாகத் தொற்றியது ஒரு பெருங்காரணம். 2020இல் வந்த கொரோனாவோ அறிகுறிக்கு முன்னரே தொற்றியது. அதனால் இலங்கையில் வெளிநாட்டிலிருந்து வந்தோரை, அறிகுறி பாராது, 14 நாட்கள் தனிமைப்படுத்தினர். அப்போது தலைமன்னாரில் பயணிகள் கப்பல் இல்லை. நாட்டின் முதன்மை வாயில் கட்டுநாயக்கா விமான நிலையமாய் இருந்தது.