ராணி பெயரில் ஓர் ஆஸ்பத்திரி

ஹவாயின் ஹோனலூலுவில், பஞ்ச்போல் என்ற பழைய எரிமலைக் குன்றின் அடிவாரத்தில், குவீன்ஸ் என்றொரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. நான் செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில், வரலாறு என்றால் மாணவிகள் நைட்டிங்கேல் அம்மையாரோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த அம்மையார் லண்டனில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது 1860இல். அதற்கு முந்தைய ஆண்டே பசிபிக் கடல் நடுவில் ஓர் அரசனும் அரசியும் ஆஸ்பத்திரிக்காகக் கையேந்திப் புறப்பட்டார்கள். அந்த அரசி எம்மாவைப் பற்றியும் கேளுங்கள் என்று தொடங்குவேன்.

எம்மாவின் தாய்வழித் தாத்தா ஜான் யங் இங்கிலாந்துக்காரர், கப்பல் வேலையாள். 1790இல் ஹவாய்த் தீவில் கரையிறங்கியவரை முதலாம் கமேஹமேஹா திரும்பிப் போகவிடவில்லை. தீவுகளை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவரப் போரிட்டுக்கொண்டிருந்த மன்னருக்குப் பீரங்கி தெரிந்த ஆள் தேவைப்பட்டது. கைதியாக வந்தவர் ஆலோசகரானார். மன்னரின் தம்பி மகளையே மணந்தார். 1835 டிசம்பரில் அவர் கண்மூடினார். அடுத்த ஜனவரி 2ஆம் தேதி பேத்தி பிறந்தாள்.

பிறந்த குழந்தையைத் தாய் ஃபானி தன் உடன்பிறந்தவளான கிரேஸிடம் கொடுத்துவிட்டாள். கிரேஸுக்குப் பிள்ளையில்லை. இதற்கு ஹவாயில் ‘ஹானாய்’ என்று பெயர். பெற்றவர் யார் என்பதை அங்கே மறைப்பதில்லை; பிள்ளைக்கு இரண்டு வீடும் சொந்தம். கிரேஸின் கணவர் தாமஸ் ரூக் ஆங்கில மருத்துவர். ஆக, எம்மா வளர்ந்தது ஒரு டாக்டர் வீட்டில். 1853இல் அம்மை நோய் வந்து ஆயிரக்கணக்கில் ஜனங்களை வாரிக்கொண்டு போனபோது அவளுக்கு வயது பதினேழு. வெளிநாட்டுக் கப்பல்கள் கொண்டுவந்த நோய்களுக்கு எதிராகத் தீவு மக்களின் உடம்பில் எந்தத் தடுப்புச் சக்தியும் இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை மக்கள்தொகை கரைந்துகொண்டே வந்தது.

1856 ஜூன் 19இல் நான்காம் கமேஹமேஹாவுக்கும் எம்மாவுக்கும் கல்யாணம். வெள்ளைக்கார ரத்தம் கலந்த பெண்ணா அரசி என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் மன்னரும் எம்மாவும் சின்ன வயதில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்த முணுமுணுப்பு மன்னர் காதில் ஏறவில்லை. குடிமக்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டும் என்று அவர் ஏற்கெனவே சட்டசபையில் கேட்டிருந்தார். சட்டம் வந்தது, போதிய பணம் வரவில்லை. 1859இல் மன்னரும் அரசியும் தாங்களே நன்கொடை திரட்டப் புறப்பட்டார்கள். மன்னர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஹோனலூலு வியாபாரிகளிடம் போய்ப் பெயரும் தொகையும் எழுதி வாங்கினார். பதின்மூவாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கஜானாவைத் திறந்து கொடுப்பது ஒரு வகை. கடைவாசலில் நின்று கேட்பது வேறு வகை. அந்த ஆகஸ்டிலேயே தற்காலிகக் கட்டடத்தில் பதினெட்டுப் படுக்கைகளோடு வேலை தொடங்கியது. முதல் மருத்துவர் ஹில்லபிராண்ட் தாவரவியலும் தெரிந்தவர்; பயிர்ப்புழுவை ஒழிக்க நம் நாட்டு மைனாவை ஹவாயில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான்.

அதற்காக அந்த மன்னரை உத்தமர் என்று சொல்ல மாட்டேன். அதே 1859இல், வெறும் சந்தேகத்தில், தன் செயலாளர் நீல்சனைத் துப்பாக்கியால் சுட்டார். நீல்சன் காயத்தோடு கிடந்து இரண்டரை ஆண்டு கழித்து இறந்தார். மன்னர் அந்தக் குற்ற உணர்விலிருந்து மீளவேயில்லை. 1862 ஆகஸ்டில் நான்கு வயது மகன் ஆல்பர்ட்டும் போனான். விக்டோரியா மகாராணி ஞானத்தாயாக இருக்க ஒப்புக்கொண்ட பிள்ளை. ஞானஸ்நானம் கொடுக்க இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட பிஷப் வந்து இறங்கியது அக்டோபரில். அடுத்த ஆண்டு நவம்பர் 30இல் மன்னரும் இறந்தார், வயது 29. எம்மாவுக்கு 27.

அரண்மனை விதவை மூலையில் உட்காரவில்லை. 1865இல் இங்கிலாந்து போய், தன்னைப் போலவே கணவனை இழந்திருந்த விக்டோரியாவைச் சந்தித்தாள். ஹவாயில் ஒரு தேவாலயம் கட்டப் பணம் திரட்டினாள். 1867இல் பெண்களுக்கென்று செயின்ட் ஆண்ட்ரூஸ் பிரையரி பள்ளி அவள் முயற்சியால் திறந்தது.

எம்மாவை எனக்கு நெருக்கமாக்கியது இவையெல்லாம் இல்லை, அவள் எழுதிய கடிதங்கள். சித்தி மகன் பீட்டர் காயியோ, பிரபுக்கள் சபை உறுப்பினர், தொழுநோயாளி. தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்கும் அன்றைய சட்டம் அரச குடும்பம் என்று பார்க்கவில்லை. 1873இல் அவரை மொலோகாய்த் தீவின் கலாவுபாப்பா குடியிருப்புக்கு அனுப்பினார்கள். எம்மா மூன்று ஆண்டு அவருக்குக் கடிதமும் சாமான்களும் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஊர் அரசியல் முழுதும் அதில் இருக்கும். பீட்டர் 1876இல் விடுவிக்கப்பட்டார்.

அந்த அரசியலில் எம்மாவே வேட்பாளர். 1874இல் லுனலிலோ மன்னர் வாரிசு அறிவிக்காமல் இறக்க, சட்டசபை வாக்கெடுப்பு நடத்தியது. எதிர்த்து நின்ற கலகாவுவாவுக்கு 39, எம்மாவுக்கு 6. எம்மாவின் ஆதரவாளர்கள் நீதிமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து உறுப்பினர்களை அடித்தார்கள். அமெரிக்க, ஆங்கிலேயக் கப்பல் படைகள் இறங்கித்தான் கலவரம் அடங்கியது. அதன்பின் அவள் புதிய மன்னரை ஏற்றுக்கொண்டாள். அவளுடைய அச்சம் வேறு: அமெரிக்கர் கை ஓங்கினால் நாடு போய்விடும் என்பது. 1893இல் அதுதான் நடந்தது.

அதைப் பார்க்க அவள் இல்லை. 1885 ஏப்ரல் 25இல் 49 வயதில் இறந்தாள். உயிலில் நிலத்தின் பெரும்பங்கு ஆஸ்பத்திரிக்கு. வைகிகி கடற்கரைப் பகுதியில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் இன்டர்நேஷனல் மார்க்கெட் பிளேஸ் நிற்பது அந்த நிலத்தில்தான். அதன் வருமானம் இன்றும் மருத்துவமனைக்குப் போகிறது. யார் ரத்தம் சுத்தம் என்று வாதாடிய கமேஹமேஹா, கலகாவுவா வம்சங்கள் இரண்டுக்கும் சிம்மாசனம் மிஞ்சவில்லை. வாரிசில்லாதவள் என்று எழுதப்பட்ட எம்மாவின் சொத்துதான் நோயாளிக்குக் கட்டில் போட்டுக்கொண்டிருக்கிறது.